டோனாவூர்த் தாய்

மங்கைப் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்காக எழுதுவதும், அவர்கள் கூடும் இடங்களுக்குச் சென்று பேசுவதும் பல ஆண்டுகளாக எனக்குத் தொழிலாக அமைந்துவிட்டன. தொழில் என்று சொன்னால் எங்கள் சபையாருக்குப் பிடிக்காது. ஊழியம் என்றே சொல்லவேண்டும் என்பார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் உள்ள சிறு தேவாலயங்களிலும், ஓலைக் கொட்டகைகளிலும், சில வேளைகளிற் பாலைமர நிழலிலும் பிள்ளைகளை இருத்திவைத்துப் பேசியிருக்கின்றேன். பேச்சு முடிந்ததும் தேநீர். தேநீர் முடிந்ததும் பஸ். வீடு வந்து சேர்ந்ததும் நல்ல காரியமொன்றைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவு. இந்த மனநிறைவைக் கெடுத்தவர் ஒருவர் உண்டு. அவரை நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்னரே, 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆந் திகதி, திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் என்னுஞ் சிற்றூரில் அவர் கண்மூடிவிட்டார்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் பெயரைத் தமிழ்க் கிறிஸ்தவர்களிற் பலரும் அறிவர். அவர் கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் என் தாயார். அம்மையாரின் நூல்கள் இரண்டு எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தன. 2009-ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அரிசியையும் உடுதுணியையும் எடுத்தோம், பெட்டியை எடுக்கவில்லை. செட்டிகுளத்து முகாமில் மாலை வேளைகளில் என் தாயார் அக்கதையை நினைவிலிருந்தே அயற் கூடாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்டிருக்கின்றேன். நூல்களை நான் மீண்டும் தேடிப் படித்தது அதன் பின்னரே.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆந் திகதி வட அயர்லாந்தின் கடலோரக் கிராமமாகிய மில்லைலிற் பிறந்தார். எழுவர் பிள்ளைகளுள் மூத்தவர். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர், வசதியான குடும்பம். தாயாருக்கு நீல விழிகள். மகளுக்கோ கபில நிறம். நீல விழி வேண்டுமென்று ஓரிரவு மன்றாடிவிட்டுப் படுத்த குழந்தை, காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்து ஏமாந்த கதை பலரும் அறிந்தது. பிற்காலத்தில் தமிழ்ப் பெண்கள் நடுவே சேலையுடுத்து நடமாட அக்கபில விழிகள் உதவின என்று இக்கதைக்கு ஒரு முடிவு சொல்வார்கள். அந்த முடிவு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கேட்டது கிடைக்கவில்லை என்பதைத் தானே கண்ணாடியிற் கண்டறிந்த ஒரு சிறுபிள்ளைதான் என் மனத்தில் நிற்கின்றாள்.

குடும்பம் பெல்பாஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வாணிகம் சரிந்தது. 1885-ஆம் ஆண்டு தந்தையாரும் இறந்தார். அக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து திரும்பும் வழியிற் கந்தையுடுத்த கிழவி ஒருத்தி பெரும் மூட்டையுடன் தள்ளாடி வருவதை ஏமியும் தம்பியரும் கண்டனர். மூட்டையை வாங்கிக்கொண்டு, கிழவியைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றனர். எதிரே வந்தவர்களோ நன்றாக உடுத்திய மதிப்புக்குரிய ஆலயத்தார். ஏமிக்கு முகம் சிவந்துபோயிற்று. செய்வது நற்செயல், ஆயினும் அதைப் பிறர் காண்பது வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தே அன்று பிற்பகல் முழுவதும் அறைக்குள் அடைந்து கிடந்தாராம். பின்னாளில் தம் வாழ்வு திரும்பிய இடம் அதுவே என்று அவர் குறித்திருக்கின்றார்.

பெல்பாஸ்ட் அப்போது லினன் துணி நெய்யும் ஆலைகள் நிறைந்த நகரம். அவற்றில் வேலை செய்த ஏழைப் பெண்பிள்ளைகளுக்குத் தொப்பி வாங்கப் பணமில்லை. தலையைச் சால்வையால் மூடிக்கொண்டே திரிந்தனர். அதனால் சால்வைக்காரிகள் என்ற பட்டமும் அவர்களுக்கு வந்தது. தொப்பியில்லாத பெண் ஆலயத்துள் நுழைவது அந்நாளில் மரியாதைக் குறைவு. இந்தப் பிள்ளைகளைத்தான் ஏமி ஞாயிறுதோறும் ஆலய மண்டபத்துக்கு அழைத்து வந்து பேசலானார். ஆலயத்தாரிற் சிலர் முகஞ்சுளித்தனர். வந்தவர் தொகையோ நூற்றுக்கணக்கிற் பெருகிற்று. ஐந்நூறு பேர் இருக்கத்தக்க தனி மண்டபம் தேவைப்பட்டது. சீமாட்டி ஒருவர் 500 பவுண் கொடுத்தார். ஆலை முதலாளி ஒருவர் நிலங் கொடுத்தார். தகரத்தாலான மண்டபம் எழுந்தது. 1889-ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டபோது ஏமிக்கு வயது இருபத்தொன்று. திறப்புவிழாவில் அவர் மேடையில் அமரவில்லை. கூட்டத்தின் நடுவில் இருந்தார் என்பர்.

இன்று நம் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகளின் பஸ்ஸுக்காக விடியற்காலையிற் சந்திகளிற் காத்து நிற்கும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் எனக்குச் சால்வைக்காரிகளின் நினைவு வரும். சோற்றுப் பொதியும் கையுமாக, அரைத் தூக்கத்துடன் நிற்பார்கள். அவர்களிற் பலர் என் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு உறங்கக் கிடைக்கும் நாள். அந்த ஒரு நாளிலும் ஏமியைத் தேடி அப்பிள்ளைகள் ஏன் வந்தார்கள் என்பதை நான் நெடுநாள் யோசித்ததுண்டு. அவர் நாவன்மை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. பின்னர் மான்செஸ்டர் நகரத்து ஆலைப் பெண்களிடையே பணி செய்யச் சென்றபோது அவர் அவர்களுடைய சேரியிலேயே குடியிருந்தார். மூட்டைப்பூச்சியும் கரப்பானும் ஊர்ந்த அறையில் உறங்கினார். உடல் கெட்டுத்தான் அங்கிருந்து திரும்பினார்.

1893-இல் யப்பானுக்குப் புறப்பட்டார். அங்கு நடந்த ஒரு நிகழ்ச்சி பேச்சாளர் எவரும் மறக்கலாகாதது. நோயுற்ற மூதாட்டி ஒருத்தி படுக்கையிற் கிடந்தபடி இவர் சொல்வதை மனங்கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குளிர்காலம், ஏமியின் கைகளில் உரோமக் கையுறைகள். மூதாட்டியின் பார்வை அவற்றின்மேல் விழுந்தது. அவை யாவை, எதற்காக என்று விசாரிக்கத் தொடங்கினாள். பேச்சின் இழை அறுந்தது. பிறகு அது கூடவேயில்லை. வீடு திரும்பிய ஏமி ஆங்கில உடையைக் களைந்து கிமோனோவை உடுத்தார். பின்னர்த் தமிழ்நாட்டிற் சேலை உடுத்ததும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சியே.

யப்பானில் ஓராண்டுக்குச் சற்று மேலாக இருந்தார். நரம்பு நோவு அவரை வருத்திற்று. 1894-இல் ஷங்காய் வழியாக நம் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். வன்னியூடாகப் புகைவண்டி ஓடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு முந்திய காலம் அது. தம்மை மகளாகவே வரித்திருந்த வில்சன் என்னும் முதியவர் பாரிசவாதத்தால் வீழ்ந்தார் என்ற செய்தி வரவே இங்கிலாந்துக்குத் திரும்பினார். மறுபடியும் புறப்பட்டு 1895 நவம்பரில் இந்தியாவை அடைந்தவர், அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒருநாளேனும் தாயகம் திரும்பவில்லை.

முதலிற் பெங்களூரில் இருந்தார். தமிழ் படிக்கவேண்டுமானால் திருநெல்வேலிக்கு வரும்படி அழைத்தவர் தாமஸ் வாக்கர் என்னும் குருவானவர். கடிந்து கற்பிக்கும் ஆசான் அவர். இருக்கை கடினமானதாயிருந்தால் உறக்கம் வராமற் படிக்கலாம் என்றெண்ணிப் பாடம் படித்தவர் நம் அம்மையார். நம் மொழியின் ழகரமும் வல்லின றகரமும் ஓர் அயர்லாந்து நாவில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் நகைப்பும் வரும்; இரக்கமும் வரும். ஓரளவு பேசக் கற்றதும் பொன்னம்மாள் என்ற இளம் விதவையையும் வேறு சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் ஊரூராகச் சென்றார். அக்குழுவை ஊரார் விண்மீன் கூட்டம் என்றழைத்தனர். அப்பெண்கள் தாமாகவே நகைகளைக் கழற்றி வைத்தார்கள். கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லாத பெண் எந்த வீட்டுக்கு உரியவள் என்று ஊர் மயங்கியது. நகையில்லாத பெண் நம்மூரில் இன்றைக்கும் எத்தகைய கேள்விகளைக் கேட்க நேரும் என்பதை வாசகிகளுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி, 1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்துக்கு வருகின்றேன். வாக்கர் குடும்பத்தாரும் ஏமியும் டோனாவூரிற் சில காலம் தங்கியிருந்துவிட்டுப் பண்ணைவிளை என்னும் ஊருக்குத் திரும்பியிருந்தனர். திரும்பிய மறுநாட் காலையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு பெண் கைப்பிடித்து அழைத்து வந்தாள். பிரீனா என்பது அவள் பெயர். அருகிலிருந்த பெருங்குளத்துக் கோயிலுக்கென்று ஒப்படைக்கப்பட்டவள். முன்பொருமுறை அவள் தப்பியோடித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் போய்ச் சேர்ந்தாள். கோயிற் பெண்டிர் தேடி வந்தபோது, தெய்வ கோபத்துக்கு அஞ்சிய தாய் தன் கழுத்தைக் கட்டிப்பிடித்த குழந்தையின் கைகளைப் பிரித்து அவர்களிடமே ஒப்படைத்தாள். தண்டனையாகக் குழந்தையின் கைகளிற் சூடு வைத்தார்கள். பிள்ளை பிடிக்கும் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி அவ்வூர்ப் பக்கம் திரிகின்றாள் என்று சொல்லி அச்சுறுத்தியும் வைத்தார்கள். குழந்தையோ, பிடிப்பவள் ஒருத்தி இருந்தால் அவளிடமே போய்ப் பிடிபடலாம் என்றெண்ணி இருளில் வெளியேறிவிட்டாள்.

ஒருநாள் முன்னதாக அவள் வந்திருந்தால் அவ்வீட்டில் ஏமி இருந்திருக்க மாட்டார். ஊரார் அவளைக் கோயிலுக்கே திருப்பியனுப்பியிருப்பார்கள். குழந்தை வந்தாள், அவர் மடியில் ஏறி அமர்ந்தாள், இனி இங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னாள். அன்றுமுதல் அம்மா என்றும் அழைக்கலானாள். ஊர் ஊராகச் சென்று பேசுவதற்கென்றே வந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு! மாட்டு வண்டியும் விண்மீன் கூட்டமும் ஒருபுறம். மடியில் ஏறிய குழந்தை ஒருபுறம். குழந்தையை வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியாது. அம்மையார் பயணங்களைக் குறைத்தார். டோனாவூரில் நிலைத்தார். 1904-இற் பதினேழு பிள்ளைகள். 1913-இல் நூற்றுமுப்பது பெண்பிள்ளைகள். 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் ஏற்றார். பணத்துக்காக எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி.

டோனாவூர் என்ற பெயரைக் கேட்டு அது ஏதோ தமிழ்ச் சொல் என்று நான் சிறுமியாக இருந்தபோது எண்ணியதுண்டு. ரேனியுஸ் ஐயர் காலத்தில் அங்கே ஆலயம் எழுப்பப் பொருளுதவிய டோனா என்னும் பிரஷ்யப் பிரபுவின் பெயரே அவ்வூருக்கு இடப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். செம்மண்ணும் பனையும் புழுதியும் நிறைந்த வரண்ட பூமி. பரந்தனுக்கு அப்பால் வைகாசி மாதத்து வெளியைக் கண்டவர்களுக்கு அந்நிலத்தைக் கற்பனை செய்வதிற் சிரமமிராது. மலையை மட்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

எழுத்தாளராக அவர் பெயர் பரவியது, உள்ளது உள்ளபடி என்று தமிழிற் பொருள்படும் நூலினால். 1903-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் அது வெளிவந்தது. அதன் கையெழுத்துப் பிரதி முதலில் இங்கிலாந்துக்குச் சென்றபோது, மனத்தைச் சோர்வடையச் செய்கின்றது, மகிழ்ச்சியான செய்திகளாக மாற்றி எழுதுக என்னுங் கருத்துடன் திரும்பி வந்தது. மிஷன் பத்திரிகைகள் வெற்றிக் கதைகளையே வேண்டி நின்ற காலம். அம்மையார் ஒரு பக்கத்தையும் மாற்றவில்லை. மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். பின்பு நண்பர்களின் முயற்சியால் அது அச்சேறியது. படித்தவர்களிற் பலர் நம்ப மறுத்தனர். ஆகவே, அவர் எழுதியவை மெய்யே என்று வேறு ஊர்களிலிருந்த மிஷனரிமார் எழுதிய சான்றுகளைச் சேர்த்துப் பின்வந்த பதிப்புகளை வெளியிட வேண்டியதாயிற்று. பெண்பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் புத்தகங்களில் எல்லாக் கதைகளும் நன்றாகவே முடியவேண்டும் என்று என்னிடமும் கேட்டவர்கள் உண்டு. நான் சில வேளைகளில் மாற்றிக் கொடுத்திருக்கின்றேன். அதனை இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

அம்மையாரைப் போற்றுவோர் பெரும்பாலும் சொல்லாது விடும் விடயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் முன்னோரின் சமயத்தைப்பற்றி அவர் எழுதிய பகுதிகள் பல கடுமையானவை. அவற்றைச் சைவக் குடும்பத்துத் தோழி ஒருத்தி என் அருகிலிருந்து படித்தால் நான் தலைகுனிய நேரும். ஆட்சியாளர் நாட்டிலிருந்து வந்தவர் என்ற உயரத்திலிருந்து நோக்கிய பார்வை அவற்றிற் கலந்திருக்கின்றது. தேவதாசி மரபினர் பரதத்தையும் இசையையும் பல தலைமுறைகளாகக் காத்து வளர்த்தவர்கள் என்ற உண்மையும் அவர் பக்கங்களில் இடம்பெறவில்லை. அதனை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளனர். எனினும், ஏழு வயதுக் குழந்தையின் கையில் வைத்த சூட்டை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. தாய்வழியில் அம்மரபோடு தொடர்புடைய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரே சென்னைச் சட்டசபையில் அவ்வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1947-இற் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டம் நிறைவேறியது. டோனாவூர் அம்மையாரும் அதனைக் காண உயிரோடிருந்தார்.

அவருடைய பாதையிற் சட்டமும் குறுக்கிட்டது. முத்தம்மாள் என்ற சிறுமியைப்பற்றிய வழக்கில், 1911-ஆம் ஆண்டு நீதிமன்றம் பிள்ளையை உறவினரிடம் ஒப்படைக்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருமுன்னரே சிறுமியைக் காணவில்லை. வேடம் மாற்றிக் கடல்கடத்திய நண்பர்களின் உதவியால் அவள் சீன தேசத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்து, பல ஆண்டுகளின் பின் டோனாவூருக்கே திரும்பி வந்தாள். இது சரியா பிழையா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. பிள்ளைகள் காணாமற்போன மண்ணில் வாழ்பவள் நான். ஒரு பிள்ளை மறைந்தாள் என்று படிக்கும்போது, மறைத்தவர் எவ்வளவு நல்லவராயினும், அவளைத் தேடியிருக்கக் கூடியவர்களின் முகமும் எனக்குத் தெரிகின்றது.

இனிச் சொல்லப்போவதே என் தாயார் முகாமிற் பலமுறை சொன்ன பகுதி. ஊர்க் கிணற்றடியில் விண்மீன் கூட்டத்தார் பேசியதைக் கேட்டு, பதினொரு வயதளவிலே அம்மையாரை நாடி வந்தவள் அருளாயி. பிற்காலத்தில் அம்மையாருக்கு வலக்கையாக விளங்கியவள் அவளே. அவளைத் திருப்பியழைத்துப் போகத் தந்தை ஒருமுறை வந்தபோது அவளுடைய தங்கையும் உடன் வந்தாள். அம்மையார் தமது நூலில் அத்தங்கைக்கு மிமோசா என்று பெயரிட்டிருக்கின்றார். நம்முடைய தொட்டாற்சுருங்கிச் செடியை நினைவூட்டும் பெயர் அது. அச்சிறுமி அங்கிருந்தது ஒரு பிற்பகல் மட்டுமே. கடவுள் அன்புள்ளவர் என்பதைச் சிறிதளவு கேட்டாள். மேலும் கேட்க விரும்பினாள். தந்தை இருக்கவிடவில்லை. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளை இழந்துவிட்டதாகவே அம்மையார் எண்ணினார்.

மிமோசாவுக்கு எழுத்து வாசனையில்லை. கையில் ஒரு நூலுமில்லை. வீட்டார் நெற்றியில் திருநீறிட வந்தபோது அவள் மறுத்தாள், அடிபட்டாள். கடன்பட்ட ஒருவனுக்கு மணஞ்செய்து வைக்கப்பட்டாள். நகைகளைக் கொடுத்துக் கடனை அடைத்தாள். வயலிற் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தாள். அந்த ஒரு பிற்பகலிற் கேட்டதை மட்டுமே பற்றிக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தாள். பின்னர் ஒருநாள் தன் பிள்ளைகளுடன் டோனாவூரின் வாயிலில் வந்து நின்றாள். அவள் கதை 1924-இல் நூலாக வந்தது.

பேச்சாளருக்கு இக்கதை மிகவும் இனிப்பானது. ஒரே பிற்பகற் பேச்சு இருபத்திரண்டு ஆண்டு பலன் தரும் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? நானும் இதனை எத்தனையோ கூட்டங்களிற் சொல்லி முடித்திருக்கின்றேன். 2014-ஆம் ஆண்டு ஆவணி மாதம் வரைக்கும் என்று திருத்திச் சொல்லவேண்டும்.

அந்த ஆவணியில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதிக்கு உள்ளே ஒரு குடியேற்றத்திற் பேசினேன். முப்பது பிள்ளைகளளவில் இருந்தார்கள். அன்றைக்கும் மிமோசாவின் கதைதான். எல்லோரும் கலைந்தபின் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் செருப்பைக் கையிற் பிடித்தபடி வாசலில் நின்றாள். தாய் தந்தை இருவரும் இல்லை. உறவினர் வீட்டில் இருப்பவள் என்று அதற்கு முன்னரே யாரோ சொல்லியிருந்தார்கள். தானும் என்னோடு வரலாமா என்று கேட்டாள். எங்கே என்றேன். அன்ரியின் வீட்டுக்கு என்றாள். ஏன் என்று கேட்டேன், நிலத்தைப் பார்த்தாள். கடைசி பஸ் நாலரை மணிக்கு. வீதிக்கு இன்னும் இரண்டு மைல் நடக்கவேண்டும். அடுத்த மாதம் வருவேன், அப்போது ஆறுதலாகப் பேசலாம் என்று அவளுக்குச் சொன்னேன். நான் எழுதிய சிறு நூலொன்றைப் பையிலிருந்து எடுத்து, அதில் என் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அடுத்த மாதம் வேறு கூட்டம் வந்தது. அதற்கடுத்த மாதம் மழை. கார்த்திகை கழிந்து நான் போனபோது அவள் அங்கே இல்லை. உறவினர் குடும்பத்தோடு இடம் மாறிவிட்டதாக ஒருவர் சொன்னார். கட்டிக் கொடுத்தாயிற்று என்று மற்றொருவர் சொன்னார். சட்டப்படி பதினெட்டு வயதாகவேண்டும் என்றேன். சொன்னவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கிராம அலுவலரிடம் கேட்டேன். தேவாலயங்கள் இரண்டில் விசாரித்தேன். சிறுவர் நலன் பார்க்கும் அலுவலர் ஒருவரிடமும் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் தெரியவரவில்லை. நான் கொடுத்த நூல் அயல்வீட்டுச் சிறு பிள்ளையிடம் இருந்தது. அட்டை கிழிந்திருந்தது, என் பெயர் எழுதிய தாள் அப்படியே இருந்தது.

அன்றிரவு நான் மிமோசாவின் கதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அதுவரை கண்ணிற் படாத ஒன்று அப்போது தெரிந்தது. அந்தப் பிள்ளையை அம்மையார் இருக்கச் சொன்னார், விடாதவர் தந்தை. பிரீனாவை அவர் வாசலில் நிறுத்திவைக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுக் கதையை நான் அவ்வளவு விருப்பத்தோடு சொல்லிவந்ததற்குக் காரணம், பேசிவிட்டுப் புறப்படுவதற்கு அது எனக்கு அனுமதி தந்ததாக நான் எடுத்துக்கொண்டதே. அதன்பின், பேசப் போகும் ஊரில் ஓரிரவேனும் தங்காமல் நான் திரும்புவதில்லை. இதனாற் கூட்டங்களின் தொகை பாதியாகக் குறைந்துவிட்டது. அழைப்பவர்களுக்கு இதில் மனத்தாங்கலும் உண்டு. என் வீட்டில் மேலதிகமாக இரண்டு பாய்கள் இருக்கின்றன. அவற்றிற் படுத்துப் போனவர்களைப்பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நிற்க. அம்மையாரின் பிற்காலத்தைச் சொல்லவேண்டும். 1912-இல் வாக்கர் இறந்தார். 1915-இற் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தாள். இருவரும் அவருடைய இரு தூண்கள். 1919-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்து பதக்கம் அளித்தபோது வேண்டாமென்றே முதலிற் சொன்னார். பின்பு பிறர் வற்புறுத்த ஏற்றுக்கொண்டாரேனும் அதனை வாங்க விழாவுக்குச் செல்லவில்லை. டோனாவூரிற் பரம சுக சாலை என்ற வைத்தியசாலையும் எழுந்தது.

1931 ஒக்ரோபர் 24-ஆந் திகதி, அண்மையிலுள்ள களக்காட்டில் மருந்தகத்துக்கென எடுத்திருந்த வீட்டைப் பார்வையிடச் சென்றார். மாலை மங்கிய வேளை. புதிதாகத் தோண்டியிருந்த குழியொன்றில் தவறி விழுந்தார், கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தனர். அவர் பிறகு முன்போல் நடமாடவேயில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரே அறை. பெரும்பகுதி ஒரே கட்டில். ஊரூராகச் சென்று பேசிய நாவுக்கு அந்த அறைக்குள் வருபவர்களே அவையாயினர். பிள்ளைகள் ஒவ்வொருவராக, முறைவைத்து, பிறந்தநாளென்றும் மனக்குறையென்றும் வந்து கட்டிலருகில் அமர்ந்து சென்றனர். வரமுடியாதவர்களுக்குச் சிறு சிறு தாள்களில் எழுதியனுப்பினார். நோவினால் உறக்கம் வராத இரவுகளில் நூல்களும் பிறந்தன. நோயாளருக்கென்று நோயாளி ஒருவர் எழுதிய நூலும் அவற்றுள் ஒன்று. மொத்தமாக முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. உலகம் அவரை எழுத்தாளர் என்று அறிந்திருப்பது அவற்றினால்தான். அந்த நூல்களைவிட அச்சேறாத அத்தாள்களையே நான் பெரிதாக மதிக்கின்றேன். ஒவ்வொன்றும் ஒரேயொரு பிள்ளைக்கு எழுதப்பட்டது.

1939-இல் அருளாயியும் இறந்தாள். தமக்குப் பின் பொறுப்பேற்பாள் என்று எதிர்பார்த்திருந்தவள் அவள். அவளுடைய கதையை அம்மையார் அதற்கு முன்னரே, 1934-இல், நூலாக எழுதியிருந்தார். போர்க்காலமும் வந்து போயிற்று. 1948-இல் அறைக்குள் ஒருமுறை விழுந்தபின் கட்டிலைவிட்டு இறங்கவே முடியாதவரானார். 1951-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக் காலைப்பொழுதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது எண்பத்து மூன்று.

தமது புதைகுழியின்மேற் கல் நாட்டக்கூடாது என்று அவர் முன்னரே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவர் சொல்லை மீறவில்லை. ஆயினும் வெறும் மண்ணாக விட்டுவிடவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. டோனாவூர்த் தோட்டத்து மரங்களின் கீழே, பறவைகள் வந்து நீர் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் உரிய ஒரு கற்றொட்டியை அவ்விடத்தில் வைத்தார்கள். பிரீனா முதன்முதலில் அவரை அழைத்த அந்தச் சொல்லையே அதிற் பொறித்தார்கள். பிறந்த திகதியோ, பிறந்த நாடோ, எழுதிய நூல்களில் ஒன்றின் பெயரோ அங்கே இல்லை.